ஆள் கேட்ட தீவு

தென்கடலில் முன்னொரு சமயம் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இரண்டு தீவுகள் இருந்தன. பெரிய தீவுக்குப் பொன்மணல் என்று பெயர். சின்னது நண்டுத்திட்டு. இரண்டுக்கும் ஒரே கடல், ஒரே வெயில், ஒரே உப்புக்காற்று. ஆனாலும் விடுமுறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பொன்மணலில்தான் இறங்கினார்கள்.

பொன்மணல் அதற்குத் தகுந்த ஆள்தான். கரை நெடுகக் குடை, குடைக்கடியில் சாய்வு நாற்காலி, நாற்காலிக்கு வெள்ளைத் துண்டு. விருந்தாளி தும்மினால் கைக்குட்டையோடு ஒருவன் ஓடி வருவான். அப்படி ஓடி வருகிற பையன்களில் பாதிப்பேர் நண்டுத்திட்டுக்காரர்கள். வலை இழுத்த கைகளில் இப்போது பழரசத் தட்டு இருந்தது.

நண்டுத்திட்டில் குடிசைகளும், கருவாடு காயும் பந்தல்களும், ஊருக்கே சொந்தமான ஒரு பெரிய கரைவலையும் இருந்தன. நண்டுகளும் இருந்தன. அவை யாரையும் வரவேற்கவில்லை.

கரையிலிருந்து இரண்டு தீவுக்கும் போய் வருவது ஒரே ஒரு லாஞ்ச். இரண்டு வீட்டுக்கும் வேண்டிய சம்பந்தி மாதிரி, இங்கே கேட்டதை அங்கே சொல்லாமல் அதற்குத் தூக்கம் வராது. ஒரு நாள் காலையில் அது நண்டுத்திட்டின் துறையில் வந்து முனகிக்கொண்டு நின்றது.

"உனக்கு ஒரு சேதி. சொல்ல மனசு வரவில்லை," என்றது லாஞ்ச். "உன் கரையில் இறங்க ஆளே இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் விருந்தாளிகள் வராவிட்டால், திங்கள் முதல் நான் உன் பக்கம் வரமாட்டேன். முதலாளி முடிவு செய்துவிட்டார்."

நண்டுத்திட்டுக்கு மணலெல்லாம் குளிர்ந்துபோயிற்று. குடிதண்ணீர் லாஞ்சில்தான் வருகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது லாஞ்சில்தான். லாஞ்ச் நின்றால் ஒவ்வொரு குடும்பமாகச் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். அப்புறம் அது தீவாக இருக்காது, பறவை எச்சமிடும் பாறையாக இருக்கும். அதற்கு அழுகை வந்தது. என்ன செய்யட்டும் என்று லாஞ்சையே கேட்டது.

யோசனை சொல்வதற்கு லாஞ்சுக்குக் கசக்குமா? பொன்மணலைப் பார், அதைப் போலவே செய் என்று சொல்லிவிட்டுப் புகைவிட்டுக்கொண்டு போய்விட்டது.

நண்டுத்திட்டு அப்படியே செய்தது. அதன் காற்றில் கலந்த பயம் மனிதர்களையும் பிடித்துக்கொண்டது. ஊருக்கு மூத்த சம்மாட்டியான மரியபுஷ்பம், வலைக்கும் படகுக்கும் பொறுப்பான பெண்மணி, வேண்டா வெறுப்பாக ஆட்களைக் கூட்டினாள். கருவாட்டுப் பந்தல்களைப் பிரித்தார்கள். படகைத் தாழம்புதருக்குப் பின்னால் தள்ளினார்கள். கரைவலையைச் சுருட்டி ஓலைக் கொட்டகைக்குள் திணித்தார்கள். கரையில் நாலைந்து குடைகளும் கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகளும் முளைத்தன.

"என்னை எதற்கு ஒளித்து வைக்கிறாய்?" என்று கொட்டகைக்குள்ளிருந்து வலை கேட்டது.

"உன் நாற்றம் விருந்தாளிகளுக்குப் பிடிக்காது."

"இத்தனை காலம் உன் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட நாற்றம் இது," என்றது வலை. நண்டுத்திட்டு நாற்காலிகளை வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. புலியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனைக்கு அப்போது அப்படித்தான் இருந்திருக்கும்.

அந்த வாரம் லாஞ்சில் ஒரு தம்பதி வந்தார்கள். பள்ளிபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கிற நாச்சிமுத்துவும் அவர் மனைவி கோகிலாவும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தறியை நிறுத்திவிட்டு இருவரும் சேர்ந்து ஊரைவிட்டுக் கிளம்பியது இதுதான் முதல் தடவை. எந்தத் தீவு என்று வீட்டில் ஆரம்பித்த பேச்சு லாஞ்சிலும் முடியவில்லை. இரண்டையும் பார்த்துவிட்டு இறங்குவோம் என்று நாச்சிமுத்து சொல்லியிருந்தார்.

வழியில் முதலில் வந்தது நண்டுத்திட்டு. அது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கோகிலா குடைகளைப் பார்த்தாள், நாற்காலிகளைப் பார்த்தாள், எதிரே தெரிந்த பொன்மணலையும் பார்த்தாள்.

"ஏனுங்க, அங்க இருக்கறதுதான் இங்கயும் இருக்குது. அதுக்கு அங்கயே போயிரலாமுங்க, பெருசாவாச்சும் இருக்கும்," என்றாள்.

லாஞ்ச் திரும்பியது. நண்டுத்திட்டு குடைகளோடு நின்றது. அசலே பக்கத்தில் இருக்கும்போது நகலை யார் வாங்குவார்கள் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பொன்மணல் தம்பதியைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. முதல் நாள் அவர்களுக்குச் சொர்க்கமாக இருந்தது. இரண்டாம் நாள் கோகிலா துண்டை மடித்தாள். ஒரு பையன் ஓடிவந்து பணிவாக அதைப் பிடுங்கிக்கொண்டான். நாச்சிமுத்து நாற்காலியை நிழலுக்கு நகர்த்தப் பார்த்தார். இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அப்புறம் அவர் எழுந்திருக்கவே கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தார். அறுந்த இழையை ஓடுகிற தறியில் பிடித்து முடிகிற கைகள் அவை. மடியில் சும்மா கிடந்து பழக்கமில்லை.

"ஏம் புள்ள, என்ற கை நமநமங்குது," என்றார் மனைவியிடம். "ஊட்டுக்கே போயிரலாமா?"

கோகிலாவுக்குச் சுருக்கென்றது. எத்தனை வருஷம் கேட்டு வாங்கிய பயணம். இங்கேயும் அலுத்துப்போனால், இனி இந்த மனுஷனை எந்தக் காலத்திலும் தறியைவிட்டுக் கிளப்ப முடியாது என்று அவள் பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. இரண்டு தீவுக்கும் நடுவிலுள்ள கடல் திடீரென்று கறுத்தது. மேலே பறவைகள் வட்டமிட்டன. மீன் கூட்டம், பல வருஷமாகக் காணாத பெரிய கூட்டம், நண்டுத்திட்டின் கரைக்கு வந்துகொண்டிருந்தது.

வலை கொட்டகைக்குள் துள்ளியது. "என்னை வெளியே விடு!"

"இன்றைக்கா? இன்றைக்குத்தானே கடைசி நாள்," என்று தவித்தது நண்டுத்திட்டு. "யாராவது வந்தால் கரையெல்லாம் செதிலும் கயிறுமாகக் கிடக்குமே."

"யார் வருவார்கள்? உன்னைப் பார்க்கவா, உன் குடையைப் பார்க்கவா?"

தீவுக்கு அந்தக் கேள்வி உறைத்தது. எப்படியும் போகப்போகிற உயிர், நண்டுத்திட்டாகவே போகட்டும் என்று அது துணிந்தது. அதே நேரம் மரியபுஷ்பம் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கொட்டகைக் கதவைக் காலால் உதைத்தாள்.

வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுப் படகு கடலுக்குள் வளைந்து சுற்றி, மறு கயிற்றோடு தூரத்தில் வந்து சேர்ந்தது. இனி இரண்டு முனையிலும் நின்று இழுக்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை. வலை நிறைந்துவிட்டது, இழுக்கக் கை இல்லை. இளவட்டங்கள் பாதி பொன்மணலில். நீரோட்டம் கயிற்றை அங்குலம் அங்குலமாகக் கடலுக்குள் வாங்கியது. கயிறு போனால் மீனும் போகும், ஊரின் ஒரே வலையும் போகும்.

நண்டுத்திட்டு வெட்கத்தைத் தூக்கி எறிந்தது. தன் காற்றையெல்லாம் சேர்த்து, மரியபுஷ்பத்தின் தொண்டையில் வைத்து, எதிர்க்கரைக்கு அனுப்பியது.

"ஆளு வேணும்! கை இருக்கிறவங்க எல்லாம் வாங்க! கயித்தப் புடிக்கணும்!"

"சீ, விருந்தாளியைக் கூப்பிட்டு வேலை வாங்குவாயா? மானம் போகிறது," என்றது பொன்மணல்.

கோகிலா அதற்குள் எழுந்துவிட்டாள். "ஏனுங்க, எந்திரிங்க. உங்க கைக்கு வேல வந்துருக்குது."

இருவரும் துறையில் நின்ற லாஞ்சை நோக்கி ஓடினார்கள். தட்டோடு நின்ற நண்டுத்திட்டுப் பையன் ஒருவன் அதைப் பார்த்தான். தட்டை மணலில் வைத்தான், வெள்ளைச் சட்டையைக் கழற்றினான். அவனைப் பார்த்து மற்றவர்கள். அவர்களைப் பார்த்து, உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு மரத்துப்போன விருந்தாளிகள். லாஞ்ச் தன் வாழ்நாளில் அப்படி நிறைந்ததில்லை. முதலாளி என்ன சொல்வார் என்று யோசிக்காமல் அது பாய்ந்தது.

கயிற்றைப் பிடித்ததும் நாச்சிமுத்துவின் உள்ளங்கை எரிந்தது. "கையால இழுக்காதீங்கண்ணே, இடுப்பால சாய்ங்க," என்று பின்னாலிருந்து மரியபுஷ்பம் சொன்னாள். அவர் சாய்ந்தார். இழுவைப் பாட்டு எழுந்தது. பாட்டுத் தெரியாதவர்கள் மூச்சால் பாடினார்கள். கடல் ஒரு பக்கம் இழுத்தது, மனிதர்கள் ஒரு பக்கம் இழுத்தார்கள். தூரத்தில் நின்ற இரண்டு வரிசைகளும் அடி அடியாக நெருங்கி வந்தன. வலையின் பைபோன்ற மடி அலையைக் கிழித்துக்கொண்டு கரையேறியபோது, அதற்குள் வெள்ளி கொதித்துக்கொண்டிருந்தது. நெத்திலியும் காரலும் பாரையுமாக மணல் தெரியாமல் குவிந்தன. நண்டுத்திட்டு ஆனந்தத்தில் அதிர்ந்தது. இத்தனை நாள் ஒளிந்திருந்த நண்டுகள்கூட வளையைவிட்டு வந்து பார்த்தன.

மரியபுஷ்பம் மீனைக் கூறு போட்டாள். நாச்சிமுத்துவுக்கும் கோகிலாவுக்கும் முன்னால், மற்றவர்களுக்கு வைத்த அளவிலேயே ஒவ்வொரு கூறு வைத்தாள். நாங்கள் விருந்தாளிகள், எங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் பதறினார்கள்.

"கயித்துல கை வச்சா பங்கு உண்டும்மா. அது இந்தக் கரையோட வழக்கம்," என்றாள் மரியபுஷ்பம். "வேண்டாம்னு சொன்னா வலைக்குக் கோவம் வரும்."

கோகிலா தன் பங்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சிவந்துபோன தன் கையையும் பார்த்தாள். பக்கத்தில் நாச்சிமுத்து, தலையெல்லாம் மணலோடு, கல்யாணத்தன்றுகூடச் சிரிக்காத சிரிப்பு சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷமும் வரோணும் புள்ள," என்றார். அவள் முந்தானையால் அவர் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

கரையிலேயே அடுப்பு மூட்டினார்கள். பொன்மணலுக்குத் திரும்பும் நினைப்பு ஒருவருக்கும் இல்லை. குடிசைக்குக் குடிசை பாய் விரித்தார்கள்.

திங்கட்கிழமை லாஞ்ச் வந்தது. உள்ளே இடமில்லாமல் கூரைமேலும் ஆட்கள் இருந்தார்கள். சேதியைக் கரையெல்லாம் பரப்பியது வேறு யார்? "இன்றைக்கும் வலை உண்டா? இவர்கள் கேட்கிறார்கள்," என்று தூரத்திலிருந்தே கூவிக்கொண்டு, நேராக நண்டுத்திட்டின் துறைக்கு வந்தது. இனி தினமும் இங்கே நிற்கவேண்டும் என்று முதலாளி உத்தரவாம்.

காலி நாற்காலிகளோடு நின்ற பொன்மணலுக்குப் பொறுக்கவில்லை.

"அவர்கள் ஒரு துரும்பை எடுத்துப் போடக்கூட நான் விட்டதில்லை," என்றது. "நீ அப்படி என்னதான் செய்தாய்?"

"நான் கடலையே இழுக்கச் சொன்னேன்," என்றது நண்டுத்திட்டு.