காலனிக்குப் பக்கத்து நிலம்

ஒரு கையைத் தூக்கியதால் உறவு முறிந்த கதை இது. பொறுமையாகக் கேளுங்கள், தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான்.

கீழ்ச்செம்பேடு பேரூராட்சியில், பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கிய காலனி வார்டின் உறுப்பினர் எழிலரசி. ஓட்டுக் கேட்டுப் போனபோது அவள் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

முதல் வாக்கு தாய்மாமன் கோதண்டத்துக்கு. ஊருக்குள் இருக்கும் கல்யாண மண்டபத்தில் காலனிக்காரர்கள் போய்க் கேட்டால் எந்த முகூர்த்தத்துக்கும் ‘தேதி இல்லை’ என்றே பதில் வரும். அதனால் கோதண்டம் தன் மகள் கல்யாணத்துக்குத் தெருவிலேயே பந்தல் போட்டார். மழையில் பந்தல் சரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்து போனார்கள். “காலனிக்கு மேற்கே சும்மாக் கிடக்குற அரசு நிலத்துல நமக்குன்னு ஒரு சமுதாயக்கூடம் கட்ட வைக்கிறேன் மாமா” என்றாள் எழிலரசி.

இரண்டாவது வாக்கு பவுனுவுக்கு. பேருந்து நிலையத்தின் பின்சுவரை ஒட்டித் தார்ப்பாய்க்குள் குடியிருக்கும் நரிக்குறவர்களில் ஒருத்தி அவள். ஊசியும் பாசிமணியும் விற்பவள். பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது.

“மணிக்கு மட்டும் மணிக்கணக்கா பேரம் பேசுறீங்க. ஓட்டை மட்டும் பேரமே பேசாம வாங்கிட்டுப் போறீங்களே சாமி” என்று பவுனு சிரித்தாள்.

“உங்களுக்கு இடம்னு ஒண்ணு கூட்டத்துக்கு வரட்டும். என் கை உனக்குத்தான்.”

அப்படிச் சொன்னபோது எழிலரசியின் மனதில் இருந்தது வடக்கு வீதிக்குப் பின்னால் உள்ள அரசு நிலம். மகளைப் பள்ளியில் விடப் போகும்போது தினமும் பார்க்கிற இடம். குடிநீர்க் குழாய் அதன் ஓரமாகவே போகிறது. தேர்த் திருவிழாவுக்கு வருகிற கார்கள் நிற்பதைத் தவிர அந்த நிலத்துக்கு வேறு வேலை இல்லை.

பேருந்து நிலையத்தை இடிக்கும் நாள் நெருங்கியதும், நரிக்குறவர்களுக்கு இடம் தேர்வு செய்து தீர்மானம் அனுப்பும்படி மேலிருந்து உத்தரவு வந்தது. கூட்டம் கூடியது. தலைவர் ஞானசேகரனின் வீடு வடக்கு வீதியில். அவர் முன்வைத்தது ஒரே இடம்: காலனிக்கு மேற்கே உள்ள நிலம்.

எங்கேயும் வேண்டாம் என்றவர்கள் பாதிப்பேர். காலனிப் பக்கம்தானே, போகட்டும் என்றவர்கள் மீதிப்பேர். எழிலரசி ஒருத்திதான் பாக்கி. அவளுடைய நாற்காலி எப்போதும் கதவோரம் கிடக்கும். அதுவரை தலைவர் அவளிடம் கேட்டதெல்லாம் கையெழுத்து மட்டும்தான். அன்று அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

“எழிலரசி அம்மா சொல்லட்டும். அவங்க ஏரியா. அவங்க வாய்ல வர்றதுதான் முடிவு.”

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். ஒருவர் எழுந்து மின்விசிறியைக்கூட அவள் பக்கம் திருப்பிவிட்டார். வேண்டாம் என்றால் பவுனு நடுத்தெருவில் நிற்பாள். சரி என்றால் காலனிக்குக் கூடம் இல்லை. எழிலரசி கையைத் தூக்கினாள். அந்த ஒரு கையில் தீர்மானம் நிறைவேறியது.

தெருமுனையிலேயே கோதண்டம் மறித்தார்.

“நம்மள ஊருக்கு வெளியில தள்ளி வெச்ச வலி மறந்துபோச்சா எழிலு?”

“மறக்கல மாமா. அதனாலதான் தூக்குனேன்.”

“அப்போ உன் மக கல்யாணத்தை எங்க வெப்பே? அவங்க தார்ப்பாய்க்குள்ளயா?”

அதோடு அவர் அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் நிலத்துக்குப் போகும் வழியில் முள்ளை வெட்டிப் போட்டார்.

சேதி கேட்டு அன்று மதியமே பவுனுவும் அவள் சனங்களும் சட்டி பானையோடு வந்தார்கள். பவுனு முள்ளை இழுத்து ஓரத்தில் போட்டுவிட்டுக் கொம்பு நட ஆரம்பித்தாள். எழிலரசி ஓடி வந்தாள்.

“ரெண்டு நாள் பொறு பவுனு. நான் பேசிச் சரிக்கட்டுறேன்.”

“சண்டை முடிஞ்சா நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க சாமி. நாங்க எங்க போறது? இந்தக் கயித்த அந்தப் பக்கம் புடி.”

எழிலரசி கயிற்றைப் பிடித்தாள். கோதண்டம் அதைப் பார்த்தார். எந்தப் பக்கத்திலிருந்து முதல் கல் வந்தது என்று இன்றுவரை தெரியாது. பவுனுவின் தம்பிக்கு மண்டை உடைந்தது, கோதண்டத்துக்கு மணிக்கட்டு. இரண்டு பக்கமும் வழக்குப் பதிவானது. சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி அதிகாரிகள் அந்த நிலத்துக்கு வேலி போட்டார்கள். குடியிருப்பும் இல்லை, கூடமும் இல்லை. பேருந்து நிலையத்தின் பின்சுவர் சொன்ன நாளில் இடிபட்டது. பவுனுவின் சனங்கள் எந்த ஊருக்குப் போனார்கள் என்று எழிலரசிக்குச் சொல்ல ஆளில்லை.

அடுத்த கூட்டத்தில், வடக்கு வீதி நிலத்தில் பூங்கா அமைக்கத் தீர்மானம் நிறைவேறியது. அன்று எழிலரசியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். தன் சனங்களின் கூடத்துக்காக முள்ளை வெட்டிப் போட்டார் கோதண்டம். கிடைத்த இடத்தை விடமாட்டேன் என்று கொம்பு நட்டாள் பவுனு. சொந்தத் தெருவுக்குக் கொடுத்த வாக்கை மீறிக் கையைத் தூக்கினாள் எழிலரசி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: கோதண்டமும் பவுனுவும் கேட்டது நியாயமானதைத்தான், இருவரில் ஒருவரைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழிலரசி கையைத் தூக்கியதும் தவறில்லை. அவள் தவறவிட்டது அதற்குச் சற்று முன்னால். ‘இந்த இடம் மட்டும் ஏன், வடக்கு வீதி நிலம் ஏன் இல்லை?’ என்று அவள் கேட்டிருக்கலாம். உறுப்பினர் யாரும் கேட்கலாம். ஆனால் அந்த அறையில் முதன்முதலாக அவளை மதித்து ஒருவர் கருத்துக் கேட்டிருந்தார். பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதையாகாது என்று அவள் நினைத்துவிட்டாள். அநியாயம் செய்தவர் இந்த மூவரில் இல்லை. மூன்று பெயரைச் சொல்லி நான் கேட்டதும் நீங்களும் அந்த மூவருக்குள்ளேயே தேடியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். அப்படித்தான் தேடுவோம் என்ற நம்பிக்கையில்தான் ஞானசேகரன் அந்தக் கூட்டத்தையே கூட்டினார்.