மோதிரத்தில் ஏறிய கடா

முன்னொரு காலத்தில், யானை முத்திரை பதியாத ஓலையை அடுப்பெரிக்கக்கூட யாரும் கையில் வாங்காத ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த முத்திரை அரசர் கோதண்டவர்மரின் மோதிரத்தில் இருந்தது. பாட்டனார் காலத்து மோதிரம். பதித்துப் பதித்துத் தேய்ந்து, யானை இப்போது பன்றிக்குட்டி மாதிரி ஆகிவிட்டது. புது மோதிரம் செதுக்கியாக வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து அரசர் மந்திரி நரசப்பரோடு சொக்கட்டான் ஆடித் தோற்றார். தோற்ற வேகத்தில், "கேட்டதைத் தருகிறேன், இது என் வாக்கு!" என்று சொல்லிவிட்டார். ஆழம் தெரியாமல் காலை விடுவது அவருக்குப் பரம்பரைப் பழக்கம்.

மந்திரி பொன்னையோ நிலத்தையோ கேட்கவில்லை. "புது மோதிரத்தில் யானையோடு எங்கள் குலச் சின்னமான ஆட்டுக்கடாவும் இருக்க வேண்டும், மகாராஜா. மோதிரத்தைத் தொட்டுப் பார்த்தால் யானையைவிடக் கடா உயர்ந்து நிற்க வேண்டும்" என்றார்.

அரசரின் முகம் கறுத்தது. வாக்கை மீறவும் முடியாது, யானையைத் தாழ்த்தவும் மனம் வராது. மந்திரியே குழைந்து குழைந்து வழி சொன்னார். "நம் விகடகவி அம்பலவாணர் எதற்கு இருக்கிறார்? அவரிடம் ஒப்படையுங்கள். முடியவில்லை என்றால் அந்தப் பதவிக்கு என் மைத்துனன் இருக்கிறான்."

அரசருக்கு யார் தலையிலாவது பாரத்தை இறக்கினால் போதும் என்றிருந்தது. விகடகவியை அழைத்துச் சொன்னார்: "அம்பலவாணரே, மந்திரி கேட்டபடியும் இருக்க வேண்டும். என் யானைக்கு மேல் எதுவும் இருக்கவும் கூடாது. அடுத்த சபைக்கு மோதிரம் வராவிட்டால், பதவியை விட்டுவிட்டு நாட்டின் எல்லையைத் தாண்டிவிடும்!"

"உத்தரவு, மகாராஜா" என்று சொல்லிவிட்டு அம்பலவாணர் வெளியே வந்தார். சிரிக்க வைப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத மனிதர். அயல்நாட்டில் போய் யாரைச் சிரிக்க வைப்பது? அவருக்கே அழுகை வந்தது.

நேரே முத்திரை செதுக்கும் ஐயாறப் பத்தரின் பட்டறைக்குப் போனார். விஷயத்தைக் கேட்டதும் பத்தர் உளியைக் கீழே போட்டார்.

"ஏன்யா, ஊருல வேற பத்தனே இல்லையா? யானையும் ஒசரமா இருக்கணும், கடாவும் ஒசரமா இருக்கணும்னா நான் எதைத்தான் செதுக்கறது?"

"அதுக்குத்தான்யா உங்ககிட்ட வந்தேன்."

"போய்யா, உம்மோட சேர்ந்து நானும் எல்லை தாண்டணுமா?"

பத்தர் முணுமுணுத்துக்கொண்டே கையிலிருந்த வியாபாரி மோதிரத்தை ஊதி, மெழுகில் அழுத்திப் பார்த்தார். மோதிரத்தில் குழியாக வெட்டியிருந்த படகு மெழுகில் புடைத்து எழுந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம். "சை, மோதிரத்துல பிசிறு துருத்திட்டு நிக்குது" என்று பத்தர் உளியை எடுத்தார்.

அதுவரை தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அம்பலவாணர் துள்ளி எழுந்தார். "அந்தப் பிசிறைச் சீவாதீங்க!"

"பிசிறா வேணும் உமக்கு?"

"எனக்கு வேணாம். மந்திரிக்கு வேணும்" என்றார் அம்பலவாணர்.

சபை கூடியது. அம்பலவாணர் மோதிரத்தை மந்திரியிடமே முதலில் நீட்டினார். மந்திரி விரலால் தடவினார். யானை குழிக்குள் கிடந்தது. அதன் காலடியில் கடா, கொம்பும் கழுத்துமாகத் துருத்திக்கொண்டு நின்றது. மந்திரிக்கு வாயெல்லாம் பல்.

"நீங்கள் கேட்டபடி இருக்கிறதா? சபையறியச் சொல்லுங்கள்."

"கேட்டபடியே இருக்கிறது! கடாதான் உயரம், யானை பள்ளத்தில்!"

அரசர் சிம்மாசனத்தை விட்டு எழுந்தார். "அம்பலவாணரே! என் யானையைப் பள்ளத்தில் தள்ளினீரா?"

"மகாராஜா, மோதிரம் தடவிப் பார்க்கவா, ஆணைக்குப் பதிக்கவா? ஒருமுறை பதித்துவிட்டு எல்லையைக் காட்டுங்கள், போய்விடுகிறேன்."

அரக்கை உருக்கி ஓலையில் ஊற்றினார்கள். அரசர் அழுத்தி எடுத்தார். அரக்கில் யானை துதிக்கையைத் தூக்கிக் கம்பீரமாக எழுந்து நின்றது. அதன் காலடியில் ஒரு குழி. குழிக்குள், கிணற்றில் விழுந்த ஆடு மாதிரி, மந்திரியின் குலச் சின்னம்.

"மோசம்! கடாவையும் குழியாக வெட்டினால் அரக்கில் அதுவும் எழும்புமே!" என்று மந்திரி கத்தினார்.

"தாராளமாக வெட்டச் சொல்கிறேன்" என்றார் அம்பலவாணர். "இந்த நாட்டு ஆணைகளிலெல்லாம் அரசரின் யானைக்குச் சமமாகத் தங்கள் கடா நிற்க வேண்டும் என்று, சபையறிய ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்."

அதைக் கேட்டால் அதற்குப் பெயர் ராஜத் துரோகம். மந்திரி திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

அரசர் ஓலையைப் பார்த்தார், மந்திரியைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணருக்குப் போட்டார். பத்தருக்குப் பட்டும் பொன்னும் போயின. பதவிக்காக ஊரிலிருந்து வந்து காத்திருந்த மந்திரியின் மைத்துனன் வந்த வழியே திரும்பினான்.

அதன் பிறகு நரசப்பர் சபையில் கொஞ்சம் தலை நிமிர்த்திப் பேசினால் போதும், அரசர் அம்பலவாணரைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டு, "யாரங்கே, அரக்கைக் காய்ச்சு!" என்பார்.