சாகாத சர்வர்

"சாகாத சர்வர் ஒண்ணு கட்டணும் அம்மணி. வழி சொல்லு."

கேட்டுட்டே உள்ள வந்தவரு சிபிச்செல்வன். ஈரோட்டுல ரொம்ப வருஷமா வெப்சைட் பண்றவரு. பட்டனுக்கு என்ன கலரு, படம் எந்தப் பக்கம் வழுக்கணும்னு கேட்டா விடிய விடிய பேசுவாரு. அந்த சைட்டெல்லாம் குடியிருக்கிற கம்ப்யூட்டரு, அதான் சர்வரு, அதைப் பத்திக் கேட்டா மட்டும் நழுவிருவாரு.

கேட்டது மெஹருன்னிசாகிட்ட, அவ ஆபீஸ்ல. அவரை விட வயசுல ரொம்பச் சின்னவ. லினக்ஸ்ங்கிற இலவச சிஸ்டத்துல ஓடற ஊர்ப்பட்ட சர்வர்களை மேய்க்கிறதுதான் அவ பொழப்பு. சும்மா இருக்கப்ப "அம்மணி"ம்பாரு. காரியம் ஆகணும்னா "குருவே"ம்பாரு.

"என்னங்ணா ஆச்சு?"

"ரத்தம் குடுக்கறவங்க சைட்டு இருக்குல்ல, நம்மளது? அதைத் தன் சர்வர்ல வச்சிருந்த கம்பெனிக்காரன் கடையைச் சாத்திட்டான். ஓப்பன் சோர்ஸ்தானே, யாரு வேணா கத்துக்கலாமேன்னு நானே ஒரு சர்வர்ல லினக்ஸ் போட்டு சைட்டை அதுல ஏத்திட்டேன். அன்னிலேர்ந்து தூக்கம் போச்சு. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நிக்கறவன் ஓ நெகட்டிவ் தேடறப்ப இது படுத்துக்கிச்சுன்னா?"

பேசிட்டே போனைப் பாத்தாரு. சைட்டு உசுரோடதான் இருக்கு. பையில போட்டாரு. மறுபடி எடுத்தாரு.

மெஹருன்னிசா அவரை மாதிரியே காத்துல ஒரு போனை எடுத்தா. கண்ணு பிதுங்கப் பாத்தா. பையில போட்டா. மறுபடி எடுத்தா.

"எழவு வீட்டுலயும் இப்படித்தானாமே. அண்ணி சொன்னாங்க."

"சிரிக்காத குருவே. அது சாகாம இருக்க என்ன கமாண்டு தட்டணும், அதைச் சொல்லு."

"சைட்டுக்கு நகலு, பேக்கப் இருக்குங்களா?"

"தெனமும் தானா எடுத்து என் கம்ப்யூட்டருக்கு வந்துரும். நெட்டுல பாத்து நானே எழுதுனது!"

நெஞ்சு கொஞ்சம் நிமிந்துச்சு.

"அப்ப சர்வரை அழிச்சுருங்க."

"எதை?"

"சர்வரைங்ணா."

"கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு?"

"பேக்கப்புதான் இருக்குங்களே."



"இருக்கு. இருந்தாலும்..."

"இருந்தாலும்?"

சிபி மறுபடி போனை எடுத்துப் பாத்தாரு.

அவ மேசைக்கு அடியிலேர்ந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்தா. உள்ள வெறும் லினக்ஸ், வேற ஒண்ணும் கெடையாது.

"சரி, சர்வர் செத்துருச்சுன்னு வெச்சுக்குங்க. இதுல எழுப்புங்க."

பேக்கப்பைக் கொண்டாந்தாரு. பிரிச்சாரு. லேப்டாப்பை வைதாரு. கும்புட்டாரு. கடைசில சைட்டு எந்திரிச்சுது. மேல செவப்புத் துளி துடிக்குது. பட்டன் பளபளங்குது.

"பாத்தியா! பாத்தியா!"

"ஓ நெகட்டிவ் தேடுங்க."

தேடுனாரு. யாரும் இல்லைன்னுச்சு.

பி பாசிட்டிவ் தேடுனாரு. யாரும் இல்லைன்னுச்சு.

"ஊருல ஒருத்தருக்கும் ஒடம்புல ரத்தமே இல்லையாட்ட இருக்குதுங்ணா."

சிபி பேக்கப்பைத் தொறந்து உள்ள என்ன இருக்குன்னு பாத்தாரு.

"பேரு, நம்பரெல்லாம் டேட்டாபேஸ்ல அம்மணி. அது வேற எடத்துல கெடக்கும். நான்... நான் வரைஞ்ச பக்கத்தை மட்டும் தெனமும் எடுத்து..."

தலையில கை வெச்சுட்டாரு.

"ஏன் குருவே, இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க?" அவ நெஞ்சை நிமித்தி, அச்சு அசலா அவரு குரல்லயே சொன்னா: "அதெல்லாம் வந்துரும் அம்மணி!"

சிபி நேரா உசுரோட இருக்கிற சர்வருக்குள்ள போனாரு. டேட்டாபேஸையும் சேத்து பேக்கப் எடுத்தாரு. லேப்டாப்பைத் தொடைச்சுட்டு மொதல்லேர்ந்து எழுப்புனாரு. ஓ நெகட்டிவ்னு தட்டுனாரு.

பேரா வந்து விழுகுது.

"வந்துட்டாங்க! கோபி கறிக்கடை பாபு, பெருந்துறை டீச்சரம்மா, அந்த லாரிக்காரரு, எல்லாரும் வந்துட்டாங்க!" எந்திரிச்சு ஒரு சுத்து குதிச்சாரு.

மெஹருன்னிசா கையை நீட்டி லேப்டாப்புல ஒரே ஒரு வரி தட்டுனா.

செவப்புத் துளி போச்சு. பட்டன் போச்சு. பாபு, டீச்சரம்மா, லாரிக்காரரு, எல்லாரும் போனாங்க.

"அடிப்பாவி! இப்பத்தானே எழுப்புனேன்!"

"சாகாத சர்வரு கெடையாதுங்ணா. மறுபடி எழுப்புங்க."

சிபி அவளைப் பாத்தாரு. லேப்டாப்பைப் பாத்தாரு. கத்தறதுக்கு இழுத்த மூச்சை மெதுவா விட்டாரு.

நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

"ஒரு டீ சொல்லு குருவே."