குற்றாலிங்கத்தின் நிலைவரி

"குருவே, என் வரி போதவில்லை."

குற்றாலிங்கம் இப்படித்தான் ஆரம்பித்தார். திரையில் பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"இப்ப அதுல எத்தனை விவரம் இருக்கு அண்ணாச்சி?"

"இருபத்தேழு."

"பத்தலையா?"

"விஷம் இல்லையே குருவே! இருபத்தேழு இருந்தும் விஷம் ஏறினதைக் காட்ட ஒண்ணு இல்லை. அதனாலதான் செத்தேன்."

அவர் செத்தது முக்கோட்டையில்.

முக்கோட்டை ஒரு விளையாட்டு. படம் கிடையாது, பாட்டு கிடையாது, எல்லாம் எழுத்து. 'வடக்கு' என்று தட்டினால், நீ வடக்கே போனாய், இங்கே ஒரு பாழுங்கிணறு இருக்கிறது என்று எழுதிக் காட்டும். 'எட்டிப் பார்' என்று தட்டினால் கிணற்றுக்குள் என்ன என்று சொல்லும். கனடாவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அதை நடத்துகிறார். பொள்ளாச்சியிலிருந்து பினாங்கு வரைக்கும் இருநூறு முந்நூறு பேர் அதற்குள் குடியிருந்தார்கள்.

ஒவ்வொரு தடவை தட்டியதும் எல்லா எழுத்துக்கும் அடியில் ஒரு வரி வரும். நிலைவரி என்பார்கள். உன் உயிர் இவ்வளவு, மூச்சு இவ்வளவு என்று காட்டும். அந்த வரியில் என்ன வரவேண்டும் என்பதை ஆடுகிறவரே மாற்றிக்கொள்ளலாம்.

இந்தச் சலுகைதான் குற்றாலிங்கத்தைக் கெடுத்தது.

அவர் சுரண்டைப் பக்கம் ஒரு துணைமின் நிலையத்தில் ஆபரேட்டர். இருபத்தாறு வருடமாக மீட்டர் பார்க்கிற உத்தியோகம். எல்லா முள்ளும் அதது இடத்தில் நின்றால் அவருக்கு மனசு நிறைந்துவிடும். முக்கோட்டையில் அவர் பெயர் இடிமுரசு, தொழில் வைத்தியம். ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்கு மருந்து கொடுக்கிறவர்.

உயிர், மூச்சு, பசி, தாகம் எல்லாம் அவர் வரியில் உண்டு. பை எடை உண்டு. கத்தியின் கூர்மை, நிலாவின் பிறை, பக்கத்துக் கோயில் எத்தனை அடி, செருப்புத் தேய்மானம், கடைசியாகக் குளித்து எத்தனை நாள், கனடாவில் இப்போது மணி என்ன. இருபத்தேழுக்கும் தனித்தனி நிறம். இரண்டு பக்கமும் மும்மூன்று நட்சத்திரம், அழகுக்காக.

முக்கோட்டையில் மூன்று தடவை செத்தால் பெயர் அழிந்துவிடும். பதினோரு வருடம் வளர்த்த இடிமுரசுக்கு இது முதல் சாவு.

குரு இதுவரை சாகவே இல்லை. ஒன்பது வருடம் ஒருமுறைகூடச் சாகாதவர் முக்கோட்டையிலேயே அவர் ஒருவர்தான். ஊசித்தட்டான் என்று பெயர். யோசனை கேட்க வருகிறவர்கள் எல்லாரும் அவரைக் குருவே என்றுதான் கூப்பிடுவார்கள். குற்றாலிங்கமும் அப்படியே கூப்பிட்டார். நேரில் பார்த்ததில்லை.

"விஷத்தையும் போட்டுக்கிடவா குருவே?"

"போட்டுக்கிடுங்க."

"ஊதா நிறத்துல போடலாம்னு இருக்கேன். உயிர் பச்சை, பசி மஞ்சள், விஷம் ஊதா."

"பச்சைன்னா?"

"நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"அப்ப 'நல்லா இருக்கு'ன்னே போட்டிருக்கலாமே."

குற்றாலிங்கம் இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று நினைத்து ஒரு தாளில் குறித்துவைத்துக்கொண்டார்.

இருபத்தெட்டாவதாக விஷத்தைப் போட்ட ஒன்பதாம் நாள், இடிமுரசு இரண்டாம் தடவை செத்தார்.

இந்தத் தடவை விஷம் இல்லை. சதுப்பு நிலத்தில் முதலை. வரியில் இருபத்தெட்டு விவரமும் சரியாக இருந்தன. செருப்புகூடப் புதுசு. விஷம் பூஜ்யம் என்று ஊதாவில் காட்டியது. அதைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோதே கதை முடிந்துவிட்டது.

"குருவே, முதலையைக் காட்ட என்ன போடணும்?"

பதிலாக ஒரு முகவரி வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு தெரு.

"சனிக்கிழமை எனக்கு லீவு. வாங்க."

குற்றாலிங்கம் அரைக் கட்டுப் பனங்கிழங்கு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். குரு எப்படி இருப்பார் என்று வழி நெடுக யோசித்தார். தாடி இருக்கும் என்றுதான் தோன்றியது.

கதவைத் திறந்தது ஒரு பெண். இருபத்தெட்டு வயது இருக்கும். அவர் முகத்துக்குச் சற்று வலப்பக்கமாகப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க அண்ணாச்சி. நாந்தான் ஊசித்தட்டான். ஜெபக்கனி."

பிறவியிலேயே அவளுக்குப் பார்வை இல்லை. ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். அவருடைய மூத்த மகளைவிட இரண்டு வயது சின்னவள்.

குற்றாலிங்கத்துக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "தங்கச்சி" என்று ஆரம்பித்து, பாதியில் மாற்றி, "குருவே" என்று முடித்தார்.

"கிழங்கா? வாசனை வருது. குடுங்க."

உள்ளே மேசையில் ஒரு கீபோர்டும் இரண்டு ஸ்பீக்கரும் இருந்தன. குற்றாலிங்கம் மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். மேசைக்கு அடியிலும் பார்த்தார்.

"என்ன தேடுதீக?"

"திரை."

"எதுக்கு?"

அவர் மெதுவாக நிமிர்ந்தார்.

"உக்காருங்க. உங்க பேரைப் போட்டு உள்ளே போங்க."

அவர் தட்டினார். ஸ்பீக்கரில் ஒரு குரல் வாசித்தது.

"நீ சந்தைத் தெருவில் நிற்கிறாய். நட்சத்திரம் நட்சத்திரம் நட்சத்திரம். அடைப்புக்குறி தொடக்கம். உயிர் நானூற்றுப் பன்னிரண்டு சாய்கோடு அறுநூறு. அடைப்புக்குறி முடிவு. அடைப்புக்குறி தொடக்கம். மூச்சு..."

ஜெபக்கனி ஒரு கிழங்கை எடுத்துத் தோலை உரிக்க ஆரம்பித்தாள்.

குரல் நிதானமாகப் போனது. பை எடைக்கு வந்தபோது அவள் நாரை எடுத்துவிட்டாள். நிலாப்பிறைக்கு வந்தபோது பாதிக் கிழங்கு தீர்ந்துவிட்டது. "கனடா மணி நான்கு இருபது. நட்சத்திரம் நட்சத்திரம் நட்சத்திரம்" என்று குரல் முடித்தபோது அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வடக்கே போங்க."

போனார்.

"நீ வடக்கே போனாய். நட்சத்திரம் நட்சத்திரம் நட்சத்திரம்..."

அவள் இரண்டாவது கிழங்கை எடுத்தாள்.

"கிழக்கே போங்க."

மூன்றாவது தடவை பாதியிலேயே குற்றாலிங்கம் எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்க குருவே!"

"இன்னும் செருப்பு வரலையே அண்ணாச்சி."

"தயவுசெஞ்சு நிறுத்துங்க."

நிறுத்தினாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இப்ப 'கேள்'னு தட்டுங்க."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"மத்தவங்க உங்ககிட்ட சொன்னதை எல்லாம் அது சேத்து வச்சிருக்கும். கடைசி நூறு பேச்சு."

தட்டினார். பதினோரு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் தட்டியதே இல்லை.

"செங்கீரி உன்னிடம் சொல்கிறார்: ஏனுங்ணா, கால்கிட்டப் பாம்புங்க."

செங்கீரி அவர்கள் குழுத் தலைவர். பொள்ளாச்சியில் கோழித்தீவன வியாபாரி.

"செங்கீரி உன்னிடம் சொல்கிறார்: அண்ணா, பாம்பு. செங்கீரி உன்னிடம் சொல்கிறார்: அண்ணா, கடிச்சிருச்சுங்க, மருந்தத் திங்கோணும். செங்கீரி உன்னிடம் சொல்கிறார்: சரி, போங்க."

குற்றாலிங்கம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"பனங்காடன் உன்னிடம் சொல்கிறார்: முரசண்ணே, எனக்கு மருந்து. பனங்காடன் உன்னிடம் சொல்கிறார்: முரசண்ணே, கொஞ்சம் மருந்து. பனங்காடன் உன்னிடம் சொல்கிறார்: பரவாயில்லைண்ணே, நானே கட்டிக்கிட்டேன். பனங்காடன் உன்னிடம் சொல்கிறார்: அண்ணே, இன்னைக்கு எனக்குப் பிறந்தநாள். பனங்காடன் உன்னிடம் சொல்கிறார்: சும்மா சொன்னேண்ணே. பனங்காடன் உன்னிடம் சொல்கிறார்: முரசண்ணே, முதலை."

குரல் நின்றபின்னும் குற்றாலிங்கம் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எப்ப சொன்னாங்க?"

"நீங்க செருப்பைப் பாத்துக்கிட்டு இருந்தப்ப."

அன்று இரவே குற்றாலிங்கம் வரியில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். நட்சத்திரத்தை மட்டும் கடைசியாக எடுத்தார்.

நாலு நாள் கழித்து எழுதினார்.

"குருவே, அடைஞ்சுட்டேன்."

"எதை?"

"வெறுமையை. என் வரியில இப்ப ஒண்ணுமே இல்லை. எழுத்து இல்லை, எண் இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. பளிங்கு மாதிரி இருக்கு."

"எப்படித் தெரியும்?"

"அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

திரையில் ஒரு வாக்கியம் வந்தது: ஊசித்தட்டான் இங்கிருந்து போய்விட்டார்.

குற்றாலிங்கம் ஒரு மணி நேரம் காத்திருந்தார். குரு திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழு கருங்கதவுக்குப் போனது. அது மலைக்குள் இருக்கும் குகை. அதற்குள் ஒரு பூதம். அதை ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. இடிமுரசுக்கு மிச்சம் ஒரே ஓர் உயிர்.

"நீங்க வெளியவே நின்னுக்குங்ணா" என்றார் செங்கீரி. அவர் கோபமாகச் சொல்லவில்லை. வேலை கெடக்கூடாது என்று சொன்னார்.

"வாரேன்" என்றார் குற்றாலிங்கம்.

குகைக்கு ஏறும் பாதை நீளமானது. நூற்றிருபது தடவை 'மேலே' என்று தட்ட வேண்டும். ஏழாவது தடவையில் குற்றாலிங்கத்துக்கு ஏதோ தோன்றி, குழுவில் இருந்த பனங்காடனிடம் எழுதினார்.

"தம்பி, பிறந்தநாள் வாழ்த்து. ரொம்ப லேட்டுதான்."

பனங்காடன் கொட்டித் தீர்த்துவிட்டான். அவன் ஒரு லாரி டிரைவர். இப்போதுகூட கிருஷ்ணகிரிக்கு முன்னால் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனில்தான் ஆடிக்கொண்டிருந்தான். பிறந்தநாளன்று நாசிக்கில் வெங்காயம் ஏற்றக் காத்துக் கிடந்திருக்கிறான். அங்கே தமிழ் பேச ஓர் ஆள் இல்லை. அதனால்தான் சொன்னானாம்.

"கேக் வெட்டினியா?"

"வெங்காயந்தாண்ணே வெட்டினேன். சமையலுக்கு."

குற்றாலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். அவர் பதில் எழுதி முடிப்பதற்குள் பூதம் வந்துவிட்டது.

பூதம் செங்கீரியின் தோளைக் கிழித்தது. குற்றாலிங்கம் படித்தார், மருந்து கொடுத்தார். பூதம் சுவரில் உதைத்தது, கல் பெயர்ந்தது. படித்தார், "இடப்பக்கம் ஒதுங்குங்க" என்று எல்லாருக்கும் சொன்னார். செங்கீரி மருந்து கேட்பதற்கு முன்பே மருந்து போய்ச் சேர்ந்தது.

"ஏனுங்ணா, நீங்கதானுங்களா?" என்று செங்கீரி ஒரு தடவை கேட்டார்.

அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை.

பூதம் விழுந்தது. விழும்போது கூரையையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. 'பனங்காடன் கல்லுக்கு அடியில் கிடக்கிறான்' என்று எழுத்து வந்தது. 'உன் கண் இருள்கிறது' என்றும் வந்தது. குற்றாலிங்கம் இரண்டையும் படித்தார். பையில் ஒரே ஒரு மருந்துதான் இருந்தது.

பனங்காடனுக்குக் கொடுத்தார்.

நாலு பேரும் வெளியே போனார்கள். அதற்குப்பின் திரையில் ஒரே ஒரு வாக்கியம் வந்தது: இடிமுரசு என்ற பெயர் அழிக்கப்பட்டது.

பதினோரு வருடம். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. குற்றாலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு குருவுக்குப் போன் போட்டார்.

"குருவே, போயிட்டேன்."

"எப்படி?"

அவர் சொன்னார். செங்கீரி எங்கே நின்றார், கல் எந்தப் பக்கம் விழுந்தது, பனங்காடன் என்ன சொன்னான், பூதத்தின் மூச்சில் என்ன நாற்றம் அடித்தது. இருபது நிமிடம் சொன்னார்.

கடைசியில் ஜெபக்கனி கேட்டாள்: "கல்லு விழுந்தப்ப உங்க உயிர் எவ்வளவு இருந்துச்சு?"

குற்றாலிங்கம் யோசித்தார்.

"தெரியலையே குருவே."

போனில் ஒரு சிரிப்புக் கேட்டது. அவ்வளவுதான். அவள் வைத்துவிட்டாள்.

மறுநாள் டூட்டி முடிந்து வந்ததும் வேறு பெயரில் உள்ளே போனார். புதிதாகப் பிறப்பவர்கள் எல்லாரும் ஊர்க்கிணற்று மேடையில், இடுப்பில் ஒரு துண்டும் கையில் ஒரு குச்சியுமாக நிற்பார்கள். அவரும் நின்றார்.

செங்கீரி அந்த வழியாக வந்தார்.

"ஏனுங்ணா, புதுசுங்களா? வைத்தியம் ஏதாச்சும் தெரியுங்களா?"

"கொஞ்சம் தெரியும்."

"எங்க வைத்தியரு நேத்துத் தவறிட்டாருங்க."

தான் யாரென்று குற்றாலிங்கம் சொல்லிக்கொள்ளவில்லை.

"அடடா. ரொம்ப நாளா உங்ககூட இருந்தாரோ?"

செங்கீரி கணக்காகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"பதினோரு வருசமா பேரு இருந்துச்சுங்க" என்றார். "ஆளு நேத்துத்தானுங்க வந்தாரு."