வாலறுந்த எண்கள்

முன்னொரு காலத்தில் கருமலை நாட்டை அழகேந்திரன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். மீட்டர் கணக்கு அந்த நாட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அளவுகோல் வந்தது, அரசனுக்கு அறிவு வரவில்லை. கதையே அதுதான்.

"எண்ணைச் சொல், வாலை அறு" என்பது அவன் சபையின் வழக்கம். மீட்டர், கிலோமீட்டர் என்று கேட்டாலே அவனுக்குத் தலை வலிக்குமாம். ஆகவே கட்டியக்காரன் வெறும் எண்ணை மட்டுமே கூவுவான்.

அவ்வாண்டு மழை பொய்த்தது. "நீளமான கால்வாய் வெட்டியவருக்கே ஏரி நீர்" என்று அரசன் அறிவித்தான். நெடுங்கரை ஊர் மக்கள் பாறையைப் பிளந்து நான்கு கிலோமீட்டர் வெட்டினார்கள். தளவாய் தாண்டவராயன் தன் கரும்புத் தோட்டத்துக்குத் தொள்ளாயிரம் மீட்டர் வெட்டுவித்தான்.

கட்டியக்காரன் கூவினான்: "நெடுங்கரை, நான்கு! தளவாய், தொள்ளாயிரம்!"

"நான்கா? என் பூனைகூட அதற்கு மேல் தோண்டுமே!" என்று அரசன் சிரித்தான். "நீர் தளவாய்க்கே."

நெடுங்கரை முனியாயி முன்னே வந்தாள். "சாமி, நாத்து கருகுது. எங்க வாய்க்கால ஒருக்கா நடந்து பாருங்க, போதும்."

"தொள்ளாயிரத்துக்கு முன்னால் நான்கு வாய் திறப்பதா?" என்றான் தாண்டவராயன். "இழுத்துச் செல்லுங்கள்!"

அமைச்சர் உலகம்மை எழுந்தாள். கொதிப்பை அடக்கியதில் குரல் தாழ்ந்திருந்தது. "அரசே, இச்சபையில் மிக உயரமானவருக்கே அரியணை என்பது தங்கள் பாட்டனார் வகுத்த விதி. இவ்வாண்டு இன்னும் அளக்கவில்லை."

அழகேந்திரன் மீசையை முறுக்கி நிமிர்ந்து நின்றான். அவனைவிட நெடியவர் அங்கு எவருமில்லை. உலகம்மை அரசனை மீட்டரில் அளந்தாள். தளவாயை மில்லிமீட்டரில் அளந்தாள். இரண்டையும் கட்டியக்காரனிடம் சொன்னாள்.

"அரசர், ஒன்றே முக்கால்! தளவாய், ஆயிரத்து அறுநூறு!"

"இறங்குங்கள், அரசே," என்றாள் உலகம்மை. "அரியணை அவருக்கு."

அரசனின் கை வாளுக்குப் போயிற்று. "துரோகி! எப்போதடா வளர்ந்தாய்?"

தாண்டவராயன் தடாலென்று காலில் விழுந்தான். "ஐயோ, அது மில்லிமீட்டர்! ஆயிரம் சேர்ந்தால்தான் ஒரு மீட்டர்! நான் ஒன்று புள்ளி ஆறு மீட்டர்தான், அரசே! குள்ளன்!"

"அடடே, வால் உமக்குத் தெரியுமா?" என்றாள் உலகம்மை. "ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர்?"

"ஆ... ஆயிரம்."

"நெடுங்கரையின் நான்கு கிலோமீட்டர்?"

"நாலாயிரம் மீட்டர்."

"உம்முடையது?"

"ஒரு கிலோமீட்டர்கூட இல்லை."

"பயிர் கருகுவது தெரிந்தும் வாய் மூடியிருந்தீர்." அவள் அரசன் பக்கம் திரும்பினாள். "தாங்களோ தெரிந்துகொள்ளவே மறுத்தீர்கள். எது பெரிய குற்றமென்று நான் சொல்ல வேண்டுமா?"

அரசன் முகம் கறுத்தது. "தாண்டவராயா, உன் பதவி போயிற்று. இனிக் கட்டியக்காரன் எண்ணைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நின்று வாலைக் கூவுவதே உன் வேலை. அமைச்சரே, இனி இந்நாட்டின் நீர்ப் பங்கீடு உம் கையில். அம்மா முனியாயி, உனக்குப் பொற்சங்கிலி தருகிறேன்."

"சங்கிலிய நட்டா நெல்லு வெளையுமா? மதகத் தொறங்க, சாமி."

மதகைத் திறக்க ஆட்கள் ஓடினார்கள்.

"சினம் தணிந்ததா, அமைச்சரே?" என்றான் அரசன்.

"நாலாயிரமாவது மீட்டரில் நீர் பாயட்டும். அதன் பிறகு கேளுங்கள்," என்று சொல்லிவிட்டு, உலகம்மை முனியாயியுடன் கால்வாய்க்கு நடந்தாள்.