நாற்பது அரக்கருக்குப் பந்தி

மதுரையில் வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்று. அதன் கேன்டீனில் சமைக்கும் பொன்னுத்தாய், அடுப்புப் புகையை வெளியே தள்ள ஒரு ஃபேன் கேட்டு முதலாளி கோவர்த்தனன் முன்னால் போய் நின்றாள்.

அவருக்கோ இளக்காரம். "என் புது கேமில் ஜெயிச்சுக் காட்டும்மா, மாட்டித் தர்றேன். எனக்கு நாற்பது அரக்கர். உனக்குக் கோட்டைக்குள்ளே பத்தே வீரர். மாறி மாறி ஆடணும். கோட்டைக் கதவு உடையப் பத்துச் சுற்று ஆகும். ஆனா அதுவரை பொறுக்காம ஆடுற எல்லாரும் வீரரை வெளியே விட்டு மாட்டிக்குவாங்க."

"அரக்கருக்குச் சோறு யாரு சார் போடுறது?"

ஆபீஸே சிரித்தது. "வெளியே வர்ற வீரனைத் தின்பாங்க. கிடைக்கலேன்னா ஒருத்தனை ஒருத்தன் தின்பாங்க!" என்றார் பெருமையாக.

பொன்னுத்தாய் தன் முறை வந்தபோதெல்லாம் 'பொறு' என்ற பொத்தானையே அழுத்தினாள்.

"பயந்துட்டியாம்மா?" என்றார் முதலாளி.

அவள் மறுபடியும் 'பொறு' அழுத்த, திரையில் பசித்த அரக்கர் ஒருத்தனை ஒருத்தன் தின்னத் தொடங்கினார்கள். நாற்பது இருபதானது, இருபது பத்தானது. ஆறாவது சுற்றில் மிஞ்சியவன் ஒருத்தன்தான். அப்போது கதவைத் திறந்து, பத்து வீரரையும் விட்டு அவனைக் கட்டிப்போட்டாள்.

திரையில் 'வெற்றி' என்று மின்னியது.

"நாற்பது பேரைப் பந்திக்குக் கூட்டிட்டு வந்தீங்களே சார், உலை வைக்க வேண்டாமா?" என்றாள் பொன்னுத்தாய். "சரி, ஃபேன் மாட்ட ஆளு எப்ப வருவாங்க?"