சருகு சுமந்த அரசன்

கேளுங்கள், வெகுகாலத்துக்கு முன்பு கரடிமலை அடிவாரத்தை ஓர் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். சுத்தப் பைத்தியம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

வீட்டு வாசலைப்போல வயலையும் பெருக்க வேண்டும் என்று சட்டம் போட்டான். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அவனே பார்க்க வருவான். சருகு கிடந்தால் நிலம் அரண்மனைக்குப் போய்விடும்.

குடிகள் பெருக்கினார்கள். வெயில் மண்ணைச் சுட்டது, காற்று மண்ணைத் தூக்கியது, மழை மிச்சத்தைக் கரைத்தது. விளைச்சல் குறையக் குறைய, சுத்தம் போதவில்லையோ என்று இன்னும் அழுத்திப் பெருக்கினார்கள். இந்தக் கூத்தை என்னவென்று சொல்வது!

அந்த ஊரில் நாச்சாயி என்பவளுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அதை விட்டால் அவளுக்கும் கணவன் பொன்னய்யனுக்கும் கஞ்சிக்கு வழியில்லை. ஒருநாள் காணாமல்போன ஆட்டைத் தேடி அவள் காட்டுக்குள் போனாள். அங்கே மரம் நிழல் தந்தது, நிழலில் செடி வளர்ந்தது, செடிமேல் கொடி படர்ந்தது. கீழே கணுக்கால் புதையச் சருகு. விலக்கிப் பார்த்தாள். கோடையிலும் மண் ஈரமாக இருந்தது.

ஆட்டோடு திரும்பியவள் வயல் துடைப்பத்தைப் பரணில் போட்டாள். முருங்கை நட்டாள். இடையில் துவரை விதைத்தாள். துவரைமேல் அவரையை ஏற்றிவிட்டாள். உதிர்ந்த இலையை உதிர்ந்த இடத்திலேயே விட்டாள்.

"நிலம் போயிடும்டி," என்றான் பொன்னய்யன்.

"பெருக்கினா மட்டும் நிக்குமா? பட்டினியில வித்துட்டுப் போகணும்," என்றாள் அவள்.

மூன்றாம் வருஷம் மழை பொய்த்தது. அரசன் காவலர்களோடு குதிரையேறி வந்தான். முதல் வயல் பளிச்சென்று இருந்தது. இரண்டாவதும் பளிச்சென்று இருந்தது. குதிரை கடிக்க இரண்டிலும் ஒரு புல் இல்லை. நாச்சாயி வயலின் சருகைக் கண்டதும் அரசனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"பறித்துக்கொள்ளுங்கள் இந்த நிலத்தை!" என்று கத்தினான்.

குதிரை அதைக் காதில் வாங்கவில்லை. அவரைக் கொடியைத் தின்றுகொண்டிருந்தது. கடிவாளத்தை இழுத்தான், நகரவில்லை. காலால் உதைத்தான், நகரவில்லை. இறங்கித் தள்ளினான், அப்போதும் நகரவில்லை. மழையில்லாமல் இது மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது என்று குனிந்து சருகை விலக்கினான். மண் ஈரமாக இருந்தது.

"யார் தண்ணீர் ஊற்றியது?"

"யாரும் இல்லீங்க ராசா. காடு செய்யறதைப் பாத்துச் செஞ்சேன். காட்டை யாரும் பெருக்கறதில்லீங்களே," என்றாள் வரப்பில் நின்ற நாச்சாயி.

அரசனுக்கு வெட்கமாகிவிட்டது. "நிலம் உன்னுடையதுதான். என் தோட்டத்துக்குக் கொஞ்சம் விதை கொடுப்பாயா?"

"தர்றேனுங்க. முதல்ல உங்க மண்ணுக்குச் சருகுப் போர்வை வேணும்," என்று அவள் காட்டைக் காட்டினாள்.

அன்று மாலை, குதிரை வர மறுத்ததால், பட்டு அங்கவஸ்திரத்தில் சருகை மூட்டை கட்டித் தலையில் சுமந்துகொண்டு, ஊரே பார்க்க அரசன் நடந்தே அரண்மனைக்குப் போனான்.

ஆகவே, நிலம் நிலைத்து விளைய வேண்டுமென்றால், காடு தன்னைக் காத்துக்கொள்ளும் விதத்தைப் பார்த்து அதன்படி பயிர் செய்ய வேண்டும்.